பதின்மூன்று வீத ரசம்

என் ஆயுளில் இதுவரை மூன்று மிடறு வைன் குடித்திருக்கிறேன். மூன்றும் ஒரே நாளில், ஒரே டம்ளரில், மனைவி எடுத்துக் கையில் தந்தது. எழுபத்து நான்கு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பாரிசில் நாற்பது வருடம் இருந்துவிட்டு வெறும் மூன்று மிடறா என்று பிரெஞ்சுக்காரர்கள் பரிதாபப்படுவார்கள். மூன்று மிடறா என்று எங்கள் கோயில் நிர்வாகத்தார் அதிர்ச்சியடைவார்கள். (அடைய மாட்டார்கள். நான் பீப்பாய்க் கணக்கில் குடிக்கிறேன் என்றல்லவா அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வருகிறேன்.)

நான் எண்ணுகிறவன். ஊரில் பன்னிரண்டு வருடம் கணித ஆசிரியராக இருந்தேன்; இங்கே வந்து முப்பத்தொரு வருடம் ஓர் உணவகச் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். கணிதம் போய்விட்டது, எண்ணும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பாரிசின் புறநகரான சார்செலில் எங்கள் வீட்டுக் கதவிலிருந்து ரயில் நிலையம் ஆயிரத்து நூற்று நாற்பது அடி. மழை பெய்திருந்தால் ஆயிரத்து இருநூறு, தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்ற வேண்டும். புறப்படும்போது கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நான்காவது முறை இழுத்தால் என் மனைவி பரிமளம் உள்ளே இருந்து சத்தம் போடுவாள்: "இஞ்சேருங்கோ, நான் உள்ளுக்கைதான் இருக்கிறன்! என்னையும் வைச்சுப் பூட்டுறியளோ?"

இந்தக் கதை என் நண்பன் நவத்தைப் பற்றியது. நவரத்தினம் என்ற பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அவன் பக்கத்துப் புறநகரான ஸ்தேனில் இருந்தான். இருபத்தாறு வருடம், சனிக்கிழமை தவறாமல், காலை பத்தரை மணிக்கு, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு தேநீர்க்கடை வாசலில் சந்தித்துக்கொள்வோம். இரண்டு தேநீர், இரண்டு உழுந்து வடை. என் வடையில் பாதியையும் அவனே தின்பான். அவன் மனைவி இறந்த பிறகு மகன் வந்து அவனை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்விட்டான். எந்த மாநிலம் என்று எழுத மாட்டேன், அங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் கோபிப்பார்கள். அவன் போன பிறகும் நான் அரை வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். பழக்கம்.

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான் தில்லை, டொக்டர் ஆறு கிழமை எண்டு சொல்லிப்போட்டார்."

"எதுக்கு ஆறு கிழமை?" என்று கேட்டேன். (இப்படிக் கேட்டவன் நான்தான். புது மூக்குக் கண்ணாடி வர ஆறு கிழமையாகும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.)

"எல்லாத்துக்கும்தான்ரா" என்றான் அவன்.

ஆறு வாரம், ஆறேழு நாற்பத்திரண்டு நாள் என்று என் மூளை பெருக்கியது. அன்றைக்காவது பெருக்காமல் இருந்திருக்கலாம்.

"உனக்கு ஏதும் வேணுமோ, நவம்?"

"ஓம். என்ர போத்தல் வேணும்."

எந்தப் போத்தல் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பாரிசுக்கு வந்த முதல் இலையுதிர்காலம். எங்கள் இருவரிடமும் விசா இல்லை, வேலையும் இல்லை. பூர்கோன் பக்கம் திராட்சை பிடுங்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பதினொரு நாள் வேலை. நான் நூற்றுப் பதினேழு வரிசை முடித்தேன். நவம் நூற்று நான்கு. ஆனால் அவன் கத்தரிக்கோலில் தன் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டதால் அதைச் சலுகையோடுதான் பார்க்க வேண்டும். கடைசி நாள் முதலாளியின் மனைவி ஆளுக்கொரு போத்தல் வைன் தந்தார். ரயிலில் வரும் வழியெல்லாம் நவம் கட்டுப்போட்ட விரலால் தன் போத்தலைத் தடவிக்கொண்டே வந்தான்.

"எங்கட கையாலை பிடுங்கினது, மச்சான். ஒரு வாய் குடிச்சுப் பாப்பமோ?"

"உனக்கென்ன விசரோ? ஊருக்குத் தெரிஞ்சால்?"

"ஊர் எங்கை கிடக்கு, நாங்கள் எங்கை கிடக்கிறம்?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு வேறொரு கவலை இருந்தது. இருவர் தங்கும் அறையில் நாங்கள் எட்டுப் பேர் படுத்திருந்தோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்களை எண்ணத் தொடங்கியிருந்தார். (எண்ணுகிற இன்னோர் ஆளைக் கண்டால் எனக்கு எப்போதும் பயம்.) நவம் குளிக்கப் போயிருந்தபோது இரண்டு போத்தலையும் கொண்டுபோய் அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அவர் இரண்டுக்கு மேல் எண்ணவில்லை. நவம் வந்து வெறும் மூலையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருடம் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமைதான் சொன்னான்.

"அங்கிள், இங்கை கடையிலை பிரெஞ்சு வைன் கனக்கக் கிடக்கு, அஞ்சு நிமிசத்திலை வாங்கியாறன்" என்று அவன் மகன் இடையில் சொன்னது கேட்டது. "எனக்கு வைன் வேண்டாமடா" என்றான் நவம். "அந்தப் போத்தல்தான் வேணும். டொக்டரும் ஒரு கரண்டி குடிக்கலாம் எண்டிட்டார்."

அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஒரு போத்தலை அனுப்புவதற்கு என்ன இருக்கிறது?

என்ன இருக்கிறது என்று என் மகள் அபி சொன்னாள். அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ். அன்று எடுத்த எடுப்பிலேயே தமிழ் வந்தது.

"அப்பா, ஏலாது. ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது சட்டம். வைனை நேரா வீட்டுக்கு அனுப்பிறது எண்டால் அங்கை பெரிய கதை."

"ஒரு போத்தல்தானே, பிள்ளை?"

"ஒண்டெண்டாலும் வைன்தானே, அப்பா?"

அவள் அச்செடுத்துத் தந்த சட்டம் நாற்பத்தாறு பக்கம். அகராதியும், வரி தவறாமலிருக்க அடிமட்டமும் வைத்துக்கொண்டு ஐந்து நாள் படித்தேன். சில மாநிலங்களில் வைன் செய்கிறவர் நேராக வாங்குகிறவரின் வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் அந்த மாநிலம் தந்த அனுமதிப்பத்திரம் வேண்டும். சிலவற்றில் வைன் செய்கிறவர் அனுப்பலாம், வைன் விற்கிற கடைக்காரர் அனுப்பக்கூடாது. ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு இத்தனை பெட்டிதான் என்று சிலர் எண்ணுகிறார்கள். (அவர்கள் மீது எனக்கு ஒரு மரியாதையே வந்தது.) பொதியை வாங்குகிறவர் இருபத்தொரு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், நேரில் கையெழுத்து வைக்க வேண்டும். நவம் இருந்த மாநிலத்திலோ, வெளிநாட்டு வைன் மூன்று படி ஏறித்தான் வரமுடியும்: இறக்குமதி செய்கிறவர், அவரிடமிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து கடை. ஒரு படியைத் தாண்டி மற்றப் படிக்குக் கால் வைக்கக்கூடாது. ஒரு நண்பன் இன்னொரு நண்பனுக்கு அனுப்புவதைப் பற்றி நாற்பத்தாறு பக்கத்தில் இரண்டு இடத்தில் மட்டும் இருந்தது. இரண்டு இடத்திலும் கூடாது என்றிருந்தது.

நவத்துக்கு மூன்று படி ஏற நேரமில்லை.

நான் வெறுந்தெருவில்கூடச் சிவப்பு விளக்கைத் தாண்டாதவன். ரயிலில் பயணச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பரிசோதகரைக் கண்டு நடுங்குகிறவன். அப்படிப்பட்டவன், எழுபத்து மூன்றாம் வயதில், அமெரிக்காவின் ஒரு மாநிலத்தின் சட்டத்தை உடைப்பது என்று தீர்மானித்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் தொலைபேசி வந்த நாளிலிருந்து எட்டாம் நாள் ரயில் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பழைய முதலாளியின் மகள்தான் இப்போது நடத்துகிறார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பித் தருவீர்களா என்று கேட்டதும் இரண்டு கையையும் மேலே தூக்கினார்: அந்த மாநிலத்தில் தங்களுக்கு இறக்குமதியாளர் இல்லை, தன்னால் ஒரு சொட்டுக்கூட அனுப்ப முடியாது. நான் நூற்றுப் பதினேழு வரிசையைப் பற்றிச் சொன்னேன். நவத்தின் விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து, அன்பளிப்பு என்று என் கையில் வைத்தார். அதே லேபல், கறுப்புக் கோட்டில் வரைந்த ஒரு கிணறு. கீழே சின்ன எழுத்தில், நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் அல்ககோல்.

வீட்டில் அதை ஏழு சுற்றுச் செய்தித்தாளில் சுற்றி, நான் வீட்டில் உடுத்தும் பழைய சாரத்தால் கட்டி, பெட்டிக்குள் வைத்தேன். ஒட்டுநாடா ஒன்பது முறை. பரிமளம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உந்தச் சாரம் நல்ல சாரமெல்லே?"

"நவத்துக்குத்தானே."

"அப்ப சரி" என்றாள்.

பத்தாம் நாள், சனிக்கிழமை. ரூ காய்க்குப் பக்கத்துத் தெருவில், உலகத்தின் எந்த மூலைக்கும் பொதி அனுப்புகிற கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் பாண்டிச்சேரிக்காரரான சரோஜா மதாம். எனக்கு முன்னால் நான்கு பேர். மூன்றாமவர் நகரும்போது என் பின்னால் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. திரும்பினேன். எங்கள் கோயில் தலைவர் செல்லத்துரை அண்ணை, லண்டனுக்கு அனுப்ப ஒரு கட்டுக் கலண்டருடன் நின்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் மண்டபத்தில் வருடா வருடம் மது ஒழிப்பைப் பற்றிப் பேசுகிறவன் நான். எட்டு வருடம் பேசியிருக்கிறேன். இருபத்திரண்டு நிமிடப் பேச்சு. பதினாறாம் நிமிடத்தில் சிலர் அழுவார்கள். (பசியில் என்று அபி சொல்வாள்.)

என் முறை வந்தது. சரோஜா மதாம் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டே கேட்டார்: "சொல்லுங்க முசியே, கொலியில என்ன இருக்கு?" (கொலி என்றால் பொதி. புதிதாக வந்தவர்கள் கோழி என்று நினைத்து, ஐயையோ இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.)

வைன் என்று சொன்னால் சட்டம் இருக்கிறது. வேறேதாவது சொன்னால் பொய் இருக்கிறது. பின்னால் தலைவர் இருக்கிறார். அந்த மூன்று பக்க நெருக்கடியில், நான் படித்த பாதிரிமார் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நல்ல தமிழ்ச் சொல் என்னைக் காப்பாற்ற ஓடிவந்தது.

"திராட்சை ரசம்" என்றேன்.

அந்தச் சொல்லின் அழகைப் பாருங்கள். வேதாகமம் படிக்கும் வீடுகளில் அது வைன். கோயில் தலைவருக்கு அது பழச்சாறு. தொலைபேசிக்கு நடுவே பாதி மட்டும் காதில் விழுந்த சரோஜா மதாமுக்கு அது ரசம்.

"ஓ, ரசமா? பொடியா, ரெடிமேடா?"

"போத்தலிலை."

"அப்ப ரெடிமேடு. வழியில ஒழுகாதே?"

"ஒழுகாது. கோர்க் அடிச்சிருக்கு."

"ரசத்துக்குக் கோர்க்கா!" அவர் தொலைபேசியில் இருந்தவரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். "உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க எல்லாத்தையும் ஒரு தினுசாத்தான் பண்றீங்க, முசியே."

"ஆருக்கு, தில்லை?" என்றார் செல்லத்துரை அண்ணை.

"நவத்துக்கு, அண்ணை. அவனுக்குக் கடுமையா ஏலாது."

"ஓம், ஓம், கேள்விப்பட்டனான். பாவம். திராட்சைச் சாறு நல்லம். இரத்தம் ஊறும்."

சரோஜா மதாம் பத்திரத்தில் எழுதினார்: சூப், ரசம், ஒன்று. என் கண் முன்னால்தான் எழுதினார். கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன், அதை ஒரு முறைகூடத் திருத்தவில்லை. வெளியே வந்து தேநீர்க்கடையில் இரண்டு வடை வாங்கி, இரண்டையும் முழுதாகத் தின்றேன். அந்த வயதில் முதல் முறையாக ஒரு குற்றம் செய்த மகிழ்ச்சி.

அந்தப் பத்திரத்தோடு கதை முடிந்திருந்தால் போத்தல் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இருபதாம் நாள் சரோஜா மதாம் கூப்பிட்டார்.

"முசியே, உங்க ரசத்தைப் பத்தி அமெரிக்காவுல கேள்வி கேக்குறாங்க. சூப்புன்னா உள்ள என்ன இருக்குன்னு தெரியணுமாம். வந்து ஃபோர்முலேரை வாங்கிட்டுப் போங்க."

அந்தப் படிவத்தில் பத்துக் கேள்விகள். பழைய பரீட்சைத்தாள் போல அழகாக இருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, நல்ல பேனை ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றாக நிரப்பினேன். இறைச்சி உண்டா? இல்லை. மீன்? இல்லை. பால், முட்டை? இல்லை, இல்லை. முக்கியமான மூலப்பொருள்? திராட்சை. புளிக்க வைத்ததா? ஆம். ஒன்பதாம் கேள்வி: அல்ககோல் உண்டா? உண்டெனில் நூற்றுக்கு எத்தனை?

அதை வெறுமையாக விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியை வெறுமையாக விடுகிறவனைப் போல முட்டாள் உலகத்தில் இல்லை என்று பன்னிரண்டு வருடம் வகுப்பில் சொன்னவன் நான். விடை தெரியாமல் விட்டாலும் பரவாயில்லை, எனக்கு விடை தெரியும். பேனை தானாகவே எழுதியது: 13.

பத்தாம் கேள்விக்குக் கீழே, மேற்சொன்னவை யாவும் உண்மை என்று கையெழுத்தும் வைத்தேன். எல்லா விடையும் சரி. பத்துக்குப் பத்து.

இருபத்து நான்காம் நாள், மறுபடியும் சனிக்கிழமை. ரூ காய் தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தேன். மதியப் பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தெருமுனையிலிருந்து சரோஜா மதாம் என்னைக் கண்டுவிட்டார். அவருக்குக் கிட்ட வந்து பேசும் வழக்கமில்லை.

"முசியே தில்லை! உங்க ரசம் திரும்பி வருது! அதுல ஆல்கோல் இருக்காம்! நூத்துக்குப் பதிமூணாம்! அந்த ஊருக்குள்ள விட மாட்டாங்களாம்!"

தெரு ஒரு கணம் நின்றது. எனக்குத் தெரிந்த முகங்கள் பதினொன்று. பதினொன்றாவது முகம் செல்லத்துரை அண்ணையுடையது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன வடை அங்கேயே நின்றது.

"தில்லை… திராட்சைச் சாறெல்லே எண்டு சொன்னனீங்கள்?"

"அது… புளிச்சுப் போச்சு, அண்ணை."

"பதின்மூண்டு வீதத்துக்கோ?"

நான் அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரயில் நிலையம்வரை எத்தனை அடி என்றும் நினைவில்லை. நான் எண்ணாமல் நடந்த ஒரே நடை அதுதான். அந்த வருடம் மது ஒழிப்புப் பேச்சுக்கு வேறொருவரை ஒழுங்கு செய்தார்கள். என்னிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. "உங்களுக்கும் வயசு போட்டுது, ஓய்வு எடுங்கோ" என்று மட்டும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பரிமளத்திடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ரசம் என்று எழுதியதை, பத்துக் கேள்வியை, ஒன்பதாம் விடையை. அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்களை ஆர் உண்மை சொல்லச் சொன்னது?"

"கேள்வி கேட்டிருந்தது."

"கேட்டால்? அந்த மனிசன் அங்கை சாகக் கிடக்குது. நீங்கள் இஞ்சை இருந்து சோதினை எழுதுறியள்!"

அந்தக் கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டேன்.

மாலையில் நவத்தைக் கூப்பிட்டேன். அவனுக்கு அங்கே பகல். போத்தல் திருப்பி அனுப்பப்படுகிறது என்ற அறிவித்தல் அவர்களுக்கும் போயிருந்தது. மகன் அதை வாசித்துக் காட்டியிருக்கிறான்: சூப், ரசம், ஒன்று, அல்ககோல் பதின்மூன்று வீதம். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு இருமலானது, இருமலிலிருந்து மறுபடி சிரிப்பானது. யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது, தாதியாக இருக்கும்.

"பதின்மூண்டு வீத ரசமடா, மச்சான்! பரிமளம் வைக்கிற ரசம்கூடப் பத்துக்கு மேலை போகாதே!"

"நவம், நான்…"

"அண்டைக்கு அந்த மனுசிக்குக் குடுத்தாய். இண்டைக்கு அமெரிக்காக்காரனுக்குக் குடுத்துப்போட்டாய். என்ர போத்தலை என்ர கையிலை தராமலே விடுறதெண்டு நிக்கிறாய் போல."

மூச்சு வாங்கியது அவனுக்கு.

"தில்லை."

"சொல்லு."

"அண்டைக்கு நீ அதுகளைக் குடுக்காமல் விட்டிருந்தால் எங்கள் எட்டுப் பேரையும் பொலிஸ் அள்ளிக்கொண்டு போயிருக்கும். எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏனடா இப்ப போத்தல் கேட்டனி?"

"சும்மாதான். ஏதும் வேலை தராட்டி நீ உங்கை இருந்து என்ர நாளை எண்ணிக்கொண்டிருப்பாய். அதுதான் ஓடித் திரியட்டும் எண்டு விட்டனான்."

தொலைபேசியில் இரண்டு கிழவர்கள் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

"எத்தனை நாள் எண்டு எண்ணிப்போட்டாயோ?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே முழுப் பொய். அந்தப் படிவத்தில் ஒன்பதாம் கேள்விக்கு எழுதியிருக்க வேண்டிய இல்லையை அவனிடம் சொன்னேன்.

அன்றுமுதல் எண்ணுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்படி எண்ணாமல் இருந்த நாட்கள் ஒன்பது. ஒன்பதாம் நாள் அவன் மகன் கூப்பிட்டான். டொக்டர் கொடுத்த நாற்பத்திரண்டிலும் ஒன்பது மிச்சமிருந்தது. நவம் என்றாலும் ஒன்பதுதான். இதற்கெல்லாம் ஒரு பொருளும் இல்லை என்று கணிதம் படித்தவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

போத்தல் அதற்குப் பிறகு முப்பத்து மூன்றாம் நாள் வந்தது. முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு இரண்டு நாள் பிந்தி. எந்த இடத்துக்கும் அது நேரத்துக்குப் போனதில்லை.

பொதி கொண்டுவந்த ஆள் கதவடியில் நின்று, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் ஒன்பது ஒட்டுநாடாவுக்கு மேல் பதினான்கு சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் பெரிய எழுத்தில் சூப் என்றிருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்றை அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இருபத்தொரு வயது நிரம்பியவரிடம்தான் கொடுக்க வேண்டுமாம், முசியே" என்றார் பிரெஞ்சில். "நிரம்பிவிட்டதா?"

"அடையாள அட்டை எடுத்துவருகிறேன்."

"தேவையில்லை. பார்த்தாலே தெரிகிறது."

நான் விடவில்லை. அலுமாரியைத் திறந்து அட்டையை எடுத்துவந்து நீட்டினேன். அவர் பிறந்த வருடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்காமல் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். நவம் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. நான் போட்டேன்.

அந்தியேட்டி முடிந்துவிட்டால் என்ன என்று பரிமளம் மறுபடியும் சமைத்தாள். கத்தரிக்காய்ப் பொரியல், மரவள்ளிக்கிழங்குக் கறி, உழுந்து வடை, எல்லாம் நவத்துக்குப் பிடித்தவை. அவன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தாள். நான் போத்தலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சாரத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்த ரசத்தையும் வையுங்கோ."

எங்கள் வீட்டில் கோர்க் திறக்க ஒன்றும் இல்லை. அபி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து திறந்தாள். ஒரு டம்ளரில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தோம். கற்பூரம் எரிந்து அடங்கியது. படைத்ததை யாராவது எடுக்கத்தானே வேண்டும்? மூன்று பேரும் டம்ளரைப் பார்த்தோம். பரிமளம் அதை எடுத்து என் கையில் தந்தாள்.

"அவர் கேட்டதுதானே. குடியுங்கோ."

ஒரு மிடறு. புளிப்பு, அதற்குள் ஒரு கைப்பு, பிறகு நாக்கு முழுவதையும் யாரோ உள்ளே இழுத்துப் பிடித்தது போல. எனக்குப் பிடிக்கவில்லை. நான் எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவன். இரண்டாம் மிடறும் பிடிக்கவில்லை. மூன்றாம் மிடறும் பிடிக்கவில்லை. உடனே நவத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது: மச்சான், இது பெரிய ஒன்றும் இல்லையடா, நீ இழந்தது ஒன்றும் இல்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தும்விட்டேன். பரிமளம் அதை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள்.

சூப் என்று எழுதிய சீட்டை அபி கவனமாக உரித்தெடுத்து எங்கள் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்டாள். இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரசத்தைச் சாதாரணமாக யாராலும் பரிமாற முடிவதில்லை. பரிமளம் சட்டியைத் தூக்கியதும் அபி கேட்பாள்: "அம்மா, இது எத்தனை வீதம்?" மருமகன், தமிழில் மொத்தம் ஐம்பது சொல் தெரிந்தவர், "பதின்மூண்டு!" என்று கத்துவார். ஆறு வயதுப் பேத்தி என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "தாத்தா, உங்களுக்கு இருபத்தொரு வயசு ஆச்சோ? அட்டை காட்டுங்கோ" என்பாள். நான் சட்டைப்பையைத் தடவி, அட்டை இல்லை என்று கையை விரிப்பேன். அவள் எனக்கு ரசம் தர மறுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தப் பகிடியை முதலில் சொல்லிச் சிரித்தவன் யார், அவன் கேட்டது என்ன என்று பேத்திக்குத் தெரியாது. இருபத்தொரு வயதானதும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. எனக்கு இப்போது எழுபத்து நான்கு.

கூட்டிப் பார்த்தேன். அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன்.